சேர்ந்து சமைப்போம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எல்லா மதத்தாரும் கூடும் பந்தி நடத்துவது எப்படி?

நம் பக்கத்தில் ரம்ஜானுக்குப் பிரியாணி தூக்குவாளியில் வீடு தேடி வரும். பொங்கலுக்கு நாம் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தனுப்புவோம். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் முறுக்கும் வரும். குழந்தை இரவில் வீறிட்டு அழுதால், மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தூக்கிக்கொண்டு போய் நின்று ஓத வைத்துக்கொள்ளும் தாய்மார்களில் பலர் இந்துக்கள். இதெல்லாம் நல்ல வழக்கம்தான். ஆனால் கவனித்துப் பாருங்கள், தூக்குவாளி மட்டும்தான் வாசற்படி தாண்டுகிறது. கொண்டுவந்தவர் வெளியிலேயே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறார். பக்கத்து வீட்டில் இருபது வருடமாகக் குடியிருந்தும் அவர்கள் அடுப்படி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள்தான் நம்மில் அதிகம்.

அந்தப் படியைத் தாண்ட நினைக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை. வேலை மாறுதலில் புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்கள், ஓசூர்க் கம்பெனிகளில் சேர்ந்தவர்கள், கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கும் மாணவர்கள், இதே ஊரில் பிறந்திருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் எல்லாருக்கும் பயன்படும்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து சாப்பிடுவதைவிடச் சேர்ந்து சமைப்பதில்தான் பழக்கம் வளர்கிறது. விருந்துக்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் மரியாதையாகச் சிரித்து, சாப்பிட்டு, கைகழுவிப் போய்விடுவார்கள். மூன்று மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர்கள் பிள்ளைகள் படிப்பு, மூட்டுவலி, மாமியார், நகைக்கடன் எல்லாம் பேசியிருப்பார்கள். அடுத்த முறை சந்தையில் பார்த்தால் நின்று பேசுவார்கள். அதனால் கீழே சொல்வதில் பெரும்பகுதி பந்திக்கு முந்தைய வேலையைப் பற்றியே இருக்கும்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இரண்டும் அந்தக் காலத்தில் பாராமகால் எனப்பட்ட பகுதி. கர்நாடகமும் ஆந்திரமும் தொடும் எல்லை என்பதால் மொழிகள் பல கலந்து கிடக்கின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். கிருஷ்ணகிரி நகரில் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் உருது பேசுகிறார்கள். அரூர்ப் பக்கம் லம்பாடிக் குடியிருப்புகளும், சித்தேரியில் மலைவாழ் மக்களும் உண்டு. தருமபுரிக்கு அருகே கோவிலூரும், பர்கூர்ப் பக்கம் எலத்தகிரியும் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர் வாழும் ஊர்கள். தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனது 1997-இல். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைச் சையத் பாஷா மலை என்றுதான் சொல்கிறார்கள், மேலே தர்கா இருக்கிறது. கடைவீதியில் அடகுக்கடை, துணிக்கடை வைத்திருக்கும் ஜைனக் குடும்பங்களைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளையும் அப்படித்தான் மறந்துவிடுகிறோம்.

ஆகவே "இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்" என்று மூன்று பெட்டி போட்டு, பெட்டிக்கு ஒருவரை மேடையில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் மதத்தைவிட ஆழமான கோடு சாதி. 2012 நவம்பரில் சாதி வன்முறையில் தலித் மக்களின் நத்தம் காலனி எரிந்த மண் இது. மூன்று மதத்தாரும் ஒன்றாக உட்கார்ந்த பந்தியில் காலனிக்காரர்கள் ஒருவரும் இல்லை என்றால் அதை ஒற்றுமைப் பந்தி என்று என்னால் சொல்ல முடியாது. சர்ச்சுக்குள்ளும் சாதி இருக்கிறது என்பது அங்கே போகிறவர்களுக்கே தெரியும். ஆள் சேர்க்கும்போதே இதை மனதில் வையுங்கள், பந்தியன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

ஆள் சேர்ப்பது

ஆறேழு பேர் போதும். அதில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கட்டும். ஆண்கள் மட்டும் சேர்ந்து நடத்தினால் சமையல் மாஸ்டரைப் பிடித்து, ஷாமியானா போட்டு, சால்வை போர்த்தி முடித்துவிடுவார்கள். சமைக்கிற ஆட்கள் பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் கணக்கு எழுதவும், சொன்ன நேரத்துக்குக் கூடவும் பழகியவர்கள். அங்கே தொடங்குவது எளிது.

பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் போகாதீர்கள், தகவல் சொல்லப் போங்கள். பள்ளிவாசலில் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியையும் தொழுகை நடத்தும் அஜரத்தையும், சர்ச்சில் ஃபாதரையோ பாஸ்டர் ஐயாவையோ, கோயிலில் தர்மகர்த்தாவையும் ஊர்க்கவுண்டரையும் ஒருமுறை நேரில் பாருங்கள். காலனியில் ஊர்ப் பெரியவர் யாரோ அவரையும் அதே மரியாதையோடு, அதே வாரத்தில் பார்க்க வேண்டும். "ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க நாலு குடும்பம் சேர்ந்து சமைச்சுச் சாப்பிடலாம்னு இருக்கோம். எல்லா சாதி, எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்க. மேடை, மைக் எதுவும் கிடையாது. உங்க காதுல போட்டுட்டுச் செய்யலாம்னு வந்தோம்." இவ்வளவு சொன்னால் போதும். மேடையும் மைக்கும் இல்லை என்று கேட்டதுமே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இரண்டு விஷயங்களை முதல் கூட்டத்திலேயே எல்லாரும் ஒப்புக்கொள்ளட்டும். ஒன்று, இந்த இடத்தில் யாரும் யாரையும் தம் மதத்துக்கு அழைக்கக் கூடாது, துண்டுப் பிரசுரமும் வேண்டாம். இன்னொன்று, கட்சிக் கொடி, பேனர், தலைவர் படம் கிடையாது. தேர்தல் நேரமாக இருந்தால் பந்தியையே இரண்டு மாதம் தள்ளிப் போடலாம்.

பணத்தை ஒரே ஆளிடம் வாங்கினால் அது அவர் வீட்டு விசேஷம் ஆகிவிடும். பொருளாக வாங்குங்கள். பிடி அரிசி எடுத்து வைப்பது இந்து வீடுகளிலும் உண்டு, கிறிஸ்தவ வீடுகளிலும் உண்டு. ஒரு மாதம் வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்தாலே முதல் பந்திக்கு வேண்டிய அரிசி வந்துவிடும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்கள் ஒரு பெட்டி தருவார்கள். ஒன்றுமே தர முடியாதவர் விறகு உடைக்க வரட்டும். ஒரு நோட்டில் யார் என்ன தந்தார்கள் என்று எழுதுங்கள். ஆனால் அளவை வாசித்துக் காட்டாதீர்கள்.

பயமாக இருந்தால் நீர்மோரில் தொடங்குங்கள்

முதல் முயற்சியே முழுச் சாப்பாடாக இருக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பேருந்து நிலையம் பக்கம் ஒரு நீர்மோர்ப் பந்தல் போடுவது எல்லாவற்றையும்விட எளிது. மோரில் சைவ அசைவச் சிக்கல் இல்லை, எந்தச் சாமிக்கும் படைப்பதில்லை, தட்டும் இலையும் வேண்டாம். காலையில் ஒருவர் தயிர் கடைய, ஒருவர் மல்லி கறிவேப்பிலை நறுக்க, ஒருவர் டம்ளர் கழுவ என்று ஒரு வாரம் முறை வைத்து நின்றால் குழு தானாகப் பிடிபடும். யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் வாய்ப்பேச்சோடு நிற்கிறார் என்பதும் தெரிந்துவிடும். டம்ளர் விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான். இரட்டைக் குவளை இருந்த ஊர்களில் இதை வாயால் சொல்ல வேண்டாம், செய்தாலே பார்ப்பவர்களுக்குப் புரியும்.

என்ன சமைப்பது

பொதுப்பந்தி முழுச் சைவமாக இருக்கட்டும் என்பது என் முடிவு. அசைவம் தாழ்வு என்பதால் சொல்லவில்லை. மட்டன் போட்டால் ஹலாலா என்ற கேள்வி வரும், மாட்டிறைச்சி போட்டால் பலர் எழுந்து போவார்கள், தனித்தனிப் பந்தி என்றாகிவிடும். ஒரே குண்டானில் இருந்து எல்லாரும் சாப்பிட வேண்டும் என்றால் சைவமே வழி. ஆனால் ஒருவர் வீட்டில் சாப்பிடும் உணவைப் பற்றி இன்னொருவர் முகம் சுளித்துப் பேச இங்கே இடமில்லை. இதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சைவம் என்றாலும் விசாரிக்க வேண்டியவை இருக்கின்றன. ஜைனர்கள் வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் என்று மண்ணுக்கடியில் விளைவதைத் தவிர்ப்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்களும் உண்டு. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களுக்கும் விரதக்காரர்களுக்கும் அவரவர் கட்டுப்பாடு உண்டு. முஸ்லிம்களில் பலரும் பெந்தெகொஸ்தே சபையினரில் பலரும் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, அவர்கள் நம்பிக்கை அது. ஆகவே பொதுப்பந்தி உணவைப் படையல் வைக்காமலே பரிமாறிவிடுங்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழைக் கொடுத்து ஒருவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அதே ஆள் அதே திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் பார்த்துக்கொள்ள மனதார வருவார்.

பாத்திரமும் முக்கியம். வாடகைக் கடைப் பாத்திரத்தில் நேற்று என்ன வெந்தது என்று தெரியாது. சிலருக்கு அது பெரிய தடை. ஒரு அண்டா, இரண்டு குண்டான், கரண்டிகள், வாளிகள் என்று குழுவுக்கே சொந்தமாக வாங்கி, சைவத்துக்கு மட்டும் என்று வைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது. பாத்திரங்கள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வீட்டில் இருக்கட்டும்.

இனி சாப்பாடு. பிரிஞ்சி, குருமா என்று போவதைவிட இந்த மண்ணில் எல்லா வீட்டுக்கும் பொதுவானதைப் பிடியுங்கள். கேழ்வரகுக் களி அப்படிப்பட்டது. தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ இருந்தால் வேறெதுவும் கேட்க மாட்டார்கள். சாமைச் சோறும் தக்காளி ரசமும் இன்னொரு நல்ல ஜோடி. வைகாசியில் மாங்காய்ப் பச்சடி இல்லாமல் கிருஷ்ணகிரியில் பந்தி போட்டால் அது குறைதான்.

மார்கழி, தை மாதங்களில் நடத்துவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிதுக்கம் பருப்புக் குழம்பு வையுங்கள். பச்சை அவரையோ மொச்சையோ உரித்து முந்தின இரவே ஊறவைத்து, காலையில் ஒவ்வொரு கொட்டையாக விரலால் பிதுக்கித் தோல் நீக்க வேண்டும். ஒரு ஆள் செய்தால் விடிந்துவிடும். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் பேசிக்கொண்டே முடிந்துவிடும். கத்தி வேண்டாம், அடுப்பு வேண்டாம், திறமையும் வேண்டாம். எண்பது வயதுப் பாட்டியும் எட்டு வயதுப் பிள்ளையும் ஒரே முறத்துக்கு முன்னால் உட்காரலாம். ஆண்களையும் உட்கார வைக்கலாம். மத நல்லிணக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான குழம்பை நான் பார்த்ததில்லை.

ஐம்பது பேருக்குத் தோராயக் கணக்கு: களிக்குக் கேழ்வரகு மாவு 5 முதல் 6 கிலோ, நொய் 1 கிலோ. அதோடு கொஞ்சம் சோறும் வேண்டும் என்றால் அரிசி 3 கிலோ. சோறு மட்டும் என்றால் 6 கிலோ. சாம்பார் வைத்தால் துவரம் பருப்பு ஒன்றரைக் கிலோ, காய் 5 கிலோ. பிதுக்கிய பருப்பு என்றால் 3 கிலோ. மோருக்குத் தயிர் 5 லிட்டர். களி கிண்டுவது கை பழகியவர் வேலை, அதைக் கற்றுக்கொள்ளும் இடமாகப் பந்தியை ஆக்காதீர்கள். யார் ஊரில் நன்றாகக் கிண்டுவார் என்று விசாரித்து அவரிடம் துடுப்பைக் கொடுங்கள்.

நாளும் நேரமும்

வெள்ளிக்கிழமை நடுப்பகல் ஜும்ஆ தொழுகை நேரம். ஞாயிறு காலை ஆராதனை நேரம். முகூர்த்த நாளில் கூடமும் கிடைக்காது, ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். அமாவாசையில் பலர் வீட்டில் படையல் இருக்கும். இதெல்லாம் கழித்துப் பார்த்தால் ஞாயிறு மதியம்தான் பெரும்பாலும் மிஞ்சும். சர்ச்சில் பூசை முடிந்து வருகிறவர்கள் பதினொன்றுக்கு வரட்டும், மற்றவர்கள் எட்டு மணிக்கே சமையலைத் தொடங்கலாம். நடுப்பகல் தொழுகைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சுத்தமான மூலையும், கை கால் முகம் கழுவத் தண்ணீரும் ஒதுக்குங்கள். நம் ஊரில் தொழுகைக்கு முகம் திருப்புவது மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து. அந்தப் பக்கம் அடுப்புப் புகையும் ஆள் நடமாட்டமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரம்ஜான் நோன்பு நாட்கள் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் அது கிறிஸ்தவர்களின் தவக்காலத்தோடு சேர்ந்து வரும். அந்த மாதத்தில் பகல் பந்தி வைக்காதீர்கள். பதிலாக நோன்புக் கஞ்சி காய்ச்சும் இடத்துக்குப் போங்கள். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால் என்று பிற்பகலிலேயே வேலை தொடங்கிவிடும். அரசு பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென்றே அரிசி தருகிறது, அந்த அரிசிதான் பெரும்பாலும் அண்டாவில் வேகும். தேங்காய் துருவக் கை கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள். நோன்பு திறக்க அழைத்திருந்தால் நேரத்துக்குள் போய் உட்காருங்கள். நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. திறந்தவுடன் அவர்கள் தொழப் போவார்கள், அதுவரை இருந்து பேசிவிட்டு வாருங்கள்.

இடமும் தண்ணீரும்

கோயில் மண்டபம், சர்ச் வளாகம், மதரசா எதிலும் முதல் பந்தி வேண்டாம். சமுதாயக் கூடம், அரசுப் பள்ளி மைதானம், மாந்தோப்பு இவற்றில் ஒன்று பாருங்கள். தோப்பு அருமையான இடம், ஆனால் தை, மாசியில் பூப்பிடிக்கும் காலத்தில் மருந்து அடிப்பார்கள், அப்போது கேட்காதீர்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியர் எழுத்தில் சம்மதம் தரட்டும். இடம் எதுவானாலும் காலனியில் இருந்து வருகிறவர்கள் தயங்காமல் உள்ளே வரக்கூடிய இடமா என்று அவர்களிடமே கேளுங்கள். இரண்டாவது பந்தியைக் காலனியிலேயே வைப்பது இன்னும் நல்லது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டினால் ஆகாது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள், போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். 2013-இல் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைத்துச் சமைக்கவும் குடிக்கவும் பயன்படுத்துங்கள். போர் தண்ணீர் பாத்திரம் கழுவ மட்டும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் விதிகளின்படி சமய, சமூகக் கூட்டங்களில் உணவு வழங்குகிறவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். குழப்பம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரைப் போய்ப் பாருங்கள். நாலு வீடு கூடிச் சாப்பிடுவதைத் தாண்டி ஊருக்குப் போடத் தொடங்கும்போது இதைத் தவிர்க்காதீர்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும், அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, கையில் புண் இருப்பவர்கள் அன்றைக்கு வரவேற்பு வேலை பார்க்கட்டும். மிச்சத்தை மாலையில் யாருக்காவது கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். ஒரு ஊரில் ஒருமுறை வயிறு கெட்டால் அங்கே இனி யாரும் பந்திக்கு வர மாட்டார்கள், பழியும் ஏதோ ஒரு மதத்தின் மேல்தான் விழும்.

பந்தியில்

வேலையை ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள். தெரிந்தவர்கள் சேர்ந்து நின்றால் அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்கள். ஆயிஷாம்மாவும் லட்சுமியக்காவும் ஒரு அரிவாள்மனையில், ஸ்டீபன் அண்ணனும் ரஹீம் பாயும் விறகடுப்பில் என்று முந்தின நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தப் பெயர்கள் உதாரணத்துக்குத்தான்.

வேண்டுதலோடு சாப்பாட்டைத் தொடங்கப் பலர் விரும்புவார்கள். மூன்று மதத்து வேண்டுதலையும் வரிசையாகச் சொல்லும் வழக்கம் மேடைகளில் உண்டு. பந்தியில் அது நீண்டு, சோறு ஆறிவிடும். யாருக்கு முதல் இடம் என்ற பேச்சும் வரும். ஒரு நிமிடம் அவரவர் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு சாப்பிடத் தொடங்குவது நல்லது. சாமி நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

வள்ளலார் 1867-இல் வடலூரில் தொடங்கிய தருமசாலையில் சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் இன்றும் சோறு போடுகிறார்கள். சுதந்திர தினத்தன்று அறநிலையத் துறைக் கோயில்களில் பொது விருந்தும் நடக்கிறது. பொதுப்பந்தி நம் மண்ணுக்கு அந்நியமில்லை என்று தயங்குகிறவர்களிடம் இவற்றைச் சொல்லுங்கள். ஆனால் இவற்றில் எல்லாம் ஒரு பக்கம் போடுகிறவர், ஒரு பக்கம் வாங்குகிறவர். நாம் செய்ய நினைப்பதில் போடுகிறவரும் உட்காருகிறவரும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பந்தியில் பரிமாறியவர் அடுத்த பந்தியில் உட்காரட்டும். முக்கியஸ்தர்களுக்கு மேசை, மற்றவர்களுக்குத் தரை என்று பிரிக்காதீர்கள். முட்டி மடக்க முடியாதவர்களுக்கு நாற்காலி போடலாம், அது எல்லாருக்கும் பொது.

எச்சில் இலை எடுப்பது யார் என்பதில்தான் பந்தியின் உண்மை தெரியும். எங்கே விட்டாலும் அந்த வேலை பழக்கத்தால் ஒரே சாதிக்காரர் கைக்குப் போய்ச் சேரும். அவர்களாகவே எழுந்து எடுக்கப் போவார்கள், மற்றவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, இலை எடுக்க, பாத்திரம் தேய்க்க, கூடம் கழுவ என்று பெயர் எடுங்கள். ஊரில் மரியாதைப்பட்டவர் பெயர் வந்தால் அவரே எடுக்கட்டும். முதல் முறை கூச்சமாக இருக்கும், மூன்றாவது முறை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பேச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடவுள் ஒருவரா பலரா என்ற விவாதம் வேண்டாம். "உங்க வீட்ல நோன்புக்கு விடியக்காலைல என்ன சாப்பிடுவீங்க?", "தவக்காலத்துல வெள்ளிக்கிழமை ஏன் கறி எடுக்க மாட்டீங்க?", "மாலை போட்டா செருப்பு ஏன் போடறதில்ல?" என்று கேட்கலாம். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பதில் சொல்கிறவரும் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னால் போதும், மதத்துக்கே வக்கீலாக வேண்டியதில்லை. வட நாட்டு அரசியலுக்கோ வெளிநாட்டுச் சண்டைக்கோ இங்கே இருக்கிற பாயிடம் விளக்கம் கேட்பது அநியாயம். யாராவது தொடங்கினால், "அண்ணே, ரசம் ஆறுது, வாங்க" என்று அழைத்துப் போய்விடுங்கள்.

பந்திக்கு அப்புறம் வேலை

இரண்டு மூன்று பந்தி முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து வெளியே ஒரு வேலையில் இறங்குங்கள். வெறும் சாப்பாட்டோடு நின்ற குழுக்கள் கொஞ்ச நாளில் தேய்ந்துவிடுவதைப் பார்க்கிறேன்.

ரத்ததானம் நல்ல தொடக்கம். 18 வயது முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. ரத்த வங்கியில் முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள். நோன்பிருப்பவர்கள் நோன்பு திறந்து, சாப்பிட்டு, தண்ணீர் குடித்த பிறகு கொடுப்பதே நல்லது. குழுவில் எல்லாருடைய ரத்தப் பிரிவையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் பென்னாகரத்திலிருந்து பிரசவத்துக்கு வந்தவருக்கு ரத்தம் வேண்டும் என்றால் அந்த நோட்டுதான் உதவும்.

மருத்துவமனையில் நோயாளியோடு வந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது பெரிய உதவி. மலையூர்களில் இருந்து வருகிறவர்கள் கையில் காசில்லாமல் டீயும் பன்னும் தின்றே நாளை ஓட்டுவார்கள். நிலைய மருத்துவ அலுவலரிடம் அனுமதி வாங்கி, வாரம் ஒருநாள் என்று நிலையாகச் செய்யுங்கள். ஒருநாள் தடபுடலாகக் கொடுத்துவிட்டு நின்றுபோவதால் யாருக்கும் பயனில்லை. இங்கேயும் யார் கொடுக்கிறார்கள் என்று மதப் பெயர் போட்ட பையோ, வாங்குகிறவரைப் பிடித்து நிறுத்திப் புகைப்படமோ கூடாது.

ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் வெட்டுவது, பனை விதை ஊன்றுவது போன்றவை இளைஞர்களுக்கு ஏற்றவை. நீர்வளத் துறையிடமோ ஊராட்சியிடமோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்தப் பழக்கம் எல்லாம் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு 2024 டிசம்பர் தொடக்கத்தை நினைவுபடுத்துகிறேன். ஃபெஞ்சல் புயல் கடலோரத்தைத் தாண்டி வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அரூரிலும் பேய் மழை. சாலையில் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அப்படி ஒரு காலையில் அண்டா எந்த வீட்டில் இருக்கிறது, களி யார் கிண்டுவார், யாருக்கு என்ன ஆகாது, யாரிடம் டெம்போ இருக்கிறது என்று முன்பே தெரிந்த பத்துப் பேர் இருந்தால் மதியத்துக்குள் நூறு பேருக்குச் சோறு போய்ச் சேரும். யாரையும் அறிமுகப்படுத்திக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

சிக்கல் வந்தால்

வாட்ஸ்அப்பில் வதந்தி வரும். எங்கோ நடந்ததை இங்கே நடந்ததாகப் பரப்புவார்கள். விநாயகர் ஊர்வலம், பண்டிகைக் காலம் என்றால் இன்னும் அதிகம். குழுவில் ஒரு விதி வையுங்கள்: இப்படி எது வந்தாலும் பகிரும் முன் சம்பந்தப்பட்ட சமூகத்தில் நமக்குத் தெரிந்த ஒருவரைப் போனில் அழைத்துக் கேட்பது. கூடச் சமைத்தவர் எண் கையில் இருப்பதால் கேட்பதில் தயக்கம் இருக்காது. பொய் என்று தெரிந்ததும் வந்த இடத்திலேயே அதைச் சொல்லுங்கள். மிரட்டலாக இருந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், நீங்களே பஞ்சாயத்துப் பேசப் போகாதீர்கள்.

"அவங்களோட உட்கார்ந்து சாப்பிட்டியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டு, சிலர் நின்றுவிடுவார்கள். திட்டாதீர்கள், துரத்தாதீர்கள். அடுத்த பந்திக்கும் போன் செய்து சொல்லுங்கள். வர முடியாவிட்டால் தேங்காய் மட்டுமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த பந்தித் தேதியை இந்தப் பந்தி கலையும் முன்பே முடிவு செய்து, பாத்திரங்களை எடுத்துப் போகப் போவது யார், அடுத்த முறை சீட்டுக் குலுக்கப் போவது யார் என்று நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். பொறுப்பாளர் ஒவ்வொரு முறையும் மாறட்டும், சென்ற முறை ஒரு சமூகம் என்றால் இந்த முறை வேறு.